கிணற்றுக் கல்லில் மின்னுவது கிராஃபைட்டா, மாலிப்டினைட்டா?

நீங்கள் கேட்டது இது: ஊத்தங்கரைப் பக்கம் உறவினர் தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்தியபோது மேலே கொட்டிய கல்குவியலில் வெள்ளை வெங்கச்சங்கல் நிறைய வந்திருக்கிறது. அதில் சிலவற்றில் வெள்ளி போல மின்னும் சாம்பல் நிற இதழ்கள். தொட்டால் விரலில் கறை ஒட்டுகிறது. ஒருவர் பென்சில் கரி என்கிறார், இன்னொருவர் ஈயம் என்கிறார், மூன்றாமவர் காதோடு காதாக இரிடியம் என்கிறார். ஆய்வகத்துக்குப் போகாமல், இருக்கும் இடத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். மூன்றாமவரை முதலில் அனுப்பிவிடலாம். இரிடியம் விரலில் ஒட்டாது, நகம் பட்டால் கீறலும் விழாது. இயற்கையில் அது ஆஸ்மியம், பிளாட்டினம் போன்றவற்றோடு கலந்து, கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்கிற அளவு துணுக்குகளாக, குரோமியத் தாதுவான குரோமைட் இருக்கும் கரும்பாறைகளை ஒட்டித்தான் கிடைக்கும். வெங்கச்சங்கல்லில் இதழ் இதழாக வராது. கோபுரக் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று தமிழ்நாட்டில் இரிடியத்தின் பெயரால் ஏமாந்தவர்கள் ஏராளம். யாராவது முன்பணம் பற்றிப் பேசினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மீதி இரண்டு பேர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அவர்கள் சொல்லாத நான்காவது ஒன்றும் இருக்கிறது: மாலிப்டினைட். மாலிப்டினம் என்ற உலோகமும் கந்தகமும் சேர்ந்த தாது. உங்கள் இடத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அரூர், ஊத்தங்கரை வட்டாரத்தில் பாறை வெடிப்புகளில் ஓடும் குவார்ட்ஸ் நரம்புகளில் (குவார்ட்ஸ் என்பது வெங்கச்சங்கல்தான்) மாலிப்டினைட் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறது. நாட்டில் கணக்கெடுக்கப்பட்ட மாலிப்டினத் தாதுவில் பெரும் பங்கு தமிழ்நாட்டுக் கணக்கில்தான் வருகிறது. ஆனால் செறிவு மிகக் குறைவு. சராசரியாகப் பார்த்தால் ஒரு டன் பாறையை உடைத்தால் ஒரு கிலோ மாலிப்டினைட்கூடத் தேறாது. ஆகவே, ஊர் சரியாக இருக்கிறது என்பதால் கல்லும் அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட முடியாது.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வது உங்கள் ஊர்க்காரர்கள் தொடங்கி வைத்ததல்ல. ‘மாலிப்டினம்’ என்ற பெயரே ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தாளில் கோடு போடும் சாம்பல் நிறக் கல் எதுவானாலும் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஒரே பெயர்தான். நம் மொழியும் சளைத்ததல்ல. ‘காரீயம்’ என்றால் ஈயம். பென்சிலுக்குள் இருப்பதையும் காரீயம் என்றே சொல்கிறோம், அதில் துளி ஈயம் கிடையாது. 1778-இல் சுவீடனின் கார்ல் ஷீலே இந்தக் கல்லை நைட்ரிக் அமிலத்தில் போட்டுக் காய்ச்சினார். வெள்ளைத் தூள் ஒன்று மிஞ்சியது. பென்சில் கரியான கிராஃபைட் அதே அமிலத்தில் அப்படி எதையும் தரவில்லை. ஆக இரண்டும் வேறு வேறு. அந்தத் தூளிலிருந்து உலோகத்தைப் பிரிக்கத் தேவையான உலை ஷீலேயிடம் இல்லை. நண்பர் பீட்டர் யாக்கோப் ஹெல்மிடம் கொடுத்தார். ஹெல்ம் அதைக் கரியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து சூடேற்றி 1781-இல் உலோகத்தை எடுத்தார்.

அதற்கு நூறு ஆண்டுகள் கழித்தும் குழப்பம் தீரவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் லெட்வில் பகுதியில் எல்லோரும் வெள்ளிக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த 1879-இல், சார்லஸ் சென்டர் என்பவர் பார்ட்லெட் மலையில் சாம்பல் நிற நரம்புகளைக் கண்டு சுரங்க உரிமை பதிந்தார். தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை என்பது தெரிந்தது. என்ன என்பதுதான் தெரியவில்லை. 1895-இல்தான் ஒரு வேதியியலாளர் அது மாலிப்டினம் என்று சொன்னார். அப்போதும் அதை வாங்க ஆள் இல்லை. எஃகை உறுதியாக்க அது வேண்டும் என்ற தேவை முதல் உலகப் போரோடுதான் வந்தது. அதே இடம்தான் பின்னாளில் கிளைமாக்ஸ் சுரங்கமாகி உலக மாலிப்டினத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தது. பதினாறு ஆண்டுகள் பெயர் தெரியாத கல்லுக்காக மனுஷன் ஒவ்வோர் ஆண்டும் வேலை செய்து உரிமையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார்!

சரி, உங்கள் கல்லுக்கு வருவோம். சோதனைகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம்.

முதலில் நகம். இதழின் மேல் நகத்தால் கீறுங்கள். கிராஃபைட், மாலிப்டினைட் இரண்டிலும் எளிதாகக் கீறல் விழும்; கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் இரண்டுமே 1-க்கும் 2-க்கும் இடையில்தான். கீறல் விழவில்லை என்றால் வேலை சுலபம்: பைரைட், ஆர்சனோபைரைட், மினுமினுக்கும் இரும்புத் தாதுவான ஹெமடைட் என்று வேறு பக்கம் தேட வேண்டியதுதான். ஹெமடைட் பளபளவென்று இருந்தாலும் உரசினால் செம்மண் நிறத்தில் கோடு விழும், அதை மறைக்க முடியாது. ஈயத் தாதுவான கலீனா 2.5, நகத்துக்கு அடங்கியும் அடங்காமலும் இருக்கும். ஆனால் கலீனாவுக்கு நகமே தேவையில்லை. அது இதழாக வராது. உடைத்தால் சின்னச் சின்னப் பெட்டி போல, படிக்கட்டு போல, செங்கோணத்தில் உடையும். பத்து மடங்கு லென்ஸில் ஒரு தடவை பார்த்தவர் மறக்கமாட்டார். நீங்கள் இதழ் என்று சொன்னதாலேயே ஈயம் என்றவரும் போய்விட்டார்.

அடுத்து வளைத்துப் பார்ப்பது. ஊசி முனையால் ஒரு மெல்லிய இதழைக் கிளப்பி எடுத்து மெதுவாக மடக்குங்கள். காக்காப்பொன், அதாவது மைக்கா, விட்டதும் நிமிர்ந்துகொள்ளும். மாலிப்டினைட் வளைந்தது வளைந்தபடியே நிற்கும், ஈயத்தகடு மாதிரி. வெயிலில் கிடந்து நிறம் மாறிய கருப்பு மைக்காவைப் பார்த்து ஏமாறுபவர்கள்தான் அதிகம் என்பதால் இந்தச் சின்னச் சோதனையைத் தவறவிடாதீர்கள். கிராஃபைட்டும் வளைந்தபடி நிற்கும், எனவே இது மைக்காவை மட்டும்தான் வெளியே தள்ளும்.

இப்போது மிச்சமிருப்பது இரண்டே பேர். உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் இரண்டுக்கும் உள்ளமைப்பே ஒரே மாதிரி. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கின்றன. மாலிப்டினைட்டில் இரண்டு கந்தக அடுக்குகளுக்கு நடுவே மாலிப்டின அடுக்கு, அப்படி ஒரு சாண்ட்விச்சுக்கு மேல் இன்னொரு சாண்ட்விச். தாளுக்குள் பிணைப்பு வலுவானது. தாளுக்கும் தாளுக்கும் இடையில் பிடிப்பே இல்லை. அதனால்தான் இரண்டும் வழுக்கும், இரண்டும் விரலில் ஒட்டும், இரண்டும் அறுகோண இதழாக வளரும். கார் மெக்கானிக்கிடம் மாலி கிரீஸ் என்று கேட்டால் கருப்பாக ஒன்று கொடுப்பாரே, அதில் இருப்பது இந்தத் தாதுவின் தூள்தான்.

நிறத்தில் வித்தியாசம் உண்டு. ஆனால் தனியாக வைத்துப் பார்த்தால் தெரியாது. நான் மாணவனாக இருந்தபோது ஒரு களப்பயணத்தில் குவார்ட்ஸ் துண்டு ஒன்றுக்கு ‘கிராஃபைட்’ என்று சீட்டு ஒட்டிப் பெருமையாக நீட்டினேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. என் சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து அதே சீட்டில் ஒரு தீற்றல், பக்கத்தில் கல்லால் ஒரு தீற்றல் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒன்று கரி. மற்றது நீலம் கலந்த சாம்பல், புதிதாக வெட்டிய ஈயத்தின் பளபளப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் தெரியும். அன்றிலிருந்து களத்துக்குப் போகும்போது பென்சிலை எழுதுவதற்காக மட்டும் கொண்டுபோவதில்லை. பென்சில் முனையில் களிமண்ணும் கலந்திருக்கும் என்பது உண்மைதான், ஆனால் நிறத்தை ஒப்பிட அது போதும்.

இதைவிட நம்பகமானது பீங்கான் சோதனை. பொதுவாகத் தாதுவின் தூள் நிறத்தைப் பார்க்கப் பூச்சில்லாத பீங்கானில் உரசச் சொல்வார்கள்; வீட்டுக் கோப்பையின் அடிவளையம் அதற்குப் போதும். இந்த இரண்டுக்கு மட்டும் நேர் எதிராகச் செய்ய வேண்டும். பளபளப்பான பூச்சுள்ள வெள்ளைப் பீங்கானில், ஊறுகாய் ஜாடியோ சாசரோ எதுவானாலும் சரி, அழுத்தி உரசுங்கள். பிறகு விழுந்த தூளை இன்னொரு கல்துண்டாலோ பீங்கான் துண்டாலோ தேய்த்து மிக மெல்லியதாகப் பரப்புங்கள். கிராஃபைட் எவ்வளவு தேய்த்தாலும் சாம்பல்தான். மாலிப்டினைட் மெல்லியதாக ஆக ஆகப் பச்சை கலந்த சாயல் காட்டும். பளிச்சென்ற பச்சை வராது, பாசி படிந்த சாம்பல் என்று சொல்லலாம். மாலை மஞ்சள் வெளிச்சத்திலோ டியூப்லைட்டிலோ பார்த்துவிட்டு ‘இல்லையே’ என்று சொல்லாதீர்கள். பகலில், நிழலில் நின்று பாருங்கள்.

எடைக்கு வருவோம். கிராஃபைட்டின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது, சுமார் 2.2, மாலிப்டினைட்டுடையது சுமார் 4.7. இரண்டு மடங்குக்கு மேல். கேட்கும்போது இதைவிட எளிதான சோதனை உண்டா என்று தோன்றும். களத்தில் இது பெரும்பாலும் கைகொடுக்காது. உங்கள் கையில் இருப்பது குவார்ட்ஸ், அதன் அடர்த்தி 2.65, அதில் அங்கங்கே ஒட்டியிருக்கும் இதழ்கள் மொத்தக் கல்லின் கனத்தை மாற்றாது. கல்லைக் கையில் தூக்கிப் பார்த்து “லேசா இருக்கு, கிராஃபைட்தான்” என்பவர் குவார்ட்ஸை எடைபோடுகிறார்.

இதழ்களை மட்டும் பிரித்தெடுக்க முடிந்தால் நகைக்கடைத் தராசு ஒன்று போதும், கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டுவதாக இருக்க வேண்டும். ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்ஜியமாக்கிக்கொள்ளுங்கள். துண்டை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கூடுதல் எடைதான் துண்டின் கன அளவு. துண்டு 0.94 கிராம் இருந்து தராசு 0.20 காட்டினால் அடர்த்தி 4.7, மாலிப்டினைட். 0.43 காட்டினால் 2.2, கிராஃபைட். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வந்தால் குவார்ட்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு பொறியும் இருக்கிறது. தூளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு, “மிதக்கிறது, அதனால் லேசான கிராஃபைட்” என்று சிலர் முடிவு கட்டுவார்கள். மாலிப்டினைட்டும் மிதக்கும்! இரண்டுமே தண்ணீரை ஒட்டவிடாத பரப்பு கொண்டவை. தாமரை இலைமேல் நீர் போல. சுரங்கங்களில் நுரை எழுப்பி இந்தத் தாதுவைப் பாறைத்தூளிலிருந்து பிரிப்பதே இந்தக் குணத்தை வைத்துத்தான். ஆகவே மேலே சொன்ன தராசுச் சோதனையிலும் காற்றுக் குமிழிகள் இதழில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டால் சரியாகிவிடும்.

சூடாக்கிப் பார்ப்பது பழைய காலத்துச் சோதனை. இப்போது யாரும் செய்வதில்லை, எனக்கென்னவோ இதன்மேல் தனிப் பிரியம். தெரிந்த பொற்கொல்லர் இருந்தால் அவருடைய ஊதுகுழலும் ஒரு கரித்துண்டும் போதும். கரியில் சிறு குழி செய்து இதழை வைத்துச் சுடரை ஊத வேண்டும். கிராஃபைட் சும்மா உட்கார்ந்திருக்கும். மாலிப்டினைட் உருகாது, ஆனால் கந்தக நெடி வரும், சுடரின் ஓரத்தில் மஞ்சள்பச்சை தெரியும். கரியின் மேல், சூட்டிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பூச்சு படியும்: சூடாக இருக்கும்போது மஞ்சள், ஆறினால் வெள்ளை. அந்த வெள்ளையைச் சுடரின் உட்பகுதியால் லேசாகத் தொட்டால் நீலமாக மாறும். அந்த நீலத்தைப் பார்த்தவருக்கு வேறு சான்று வேண்டாம். வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்றுதான் செய்ய வேண்டும். பூண்டு நாற்றம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு விலகிப் போங்கள், அது ஆர்சனிக்.

அமிலச் சோதனையை ஷீலேக்கு விட்டுவிடுவோம். நைட்ரிக் அமிலத்தை வீட்டில் காய்ச்சுவது வேண்டாத வேலை.

அப்புறம், கல்லை மட்டும் பார்க்காமல் அது யாரோடு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. என் அனுபவத்தில் பாதி நேரம் விடை அங்கேதான் இருந்தது. மாலிப்டினைட் பெரும்பாலும் கிரானைட் வகைப் பாறைகளோடும் அவற்றிலிருந்து வந்த சூடான நீர் விட்டுச்சென்ற குவார்ட்ஸ் நரம்புகளோடும் வரும். கூடவே பைரைட், சால்கோபைரைட் போன்ற மஞ்சள் உலோகப் பளபளப்புகள் இருக்கும். கிராஃபைட் பெரும்பாலும் பழைய படிவுப் பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறிய இடத்தில் வரும். சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டுவது அப்படி வரிவரியான பாறையில் இதழ்களாகக் கலந்திருக்கும் கிராஃபைட்தான். ஆனால் இதையும் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இலங்கையில் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிராஃபைட்டே தனி நரம்பாக, சுத்தமாக ஓடுகிறது. நரம்பில் இருக்கிறது என்பதாலேயே மாலிப்டினைட் ஆகிவிடாது.

கூட்டாளிகளில் நான் தேடுவது மஞ்சள் தூளைத்தான். மாலிப்டினைட் மழையிலும் காற்றிலும் சிதையும்போது அதன் ஓரங்களிலும் குவார்ட்ஸின் வெடிப்புகளிலும் எலுமிச்சை மஞ்சளில் மெல்லிய பொடி படியும். ஃபெர்ரிமாலிப்டைட் என்று பெயர். துரு நிறத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும்: துரு செங்காவி, இது மஞ்சள்பொடி. பவலைட் என்று இன்னொன்றும் உருவாகும். பகலில் கண்ணில் படாது, குறுகிய அலை புறஊதா விளக்கில் இளமஞ்சளாக ஒளிரும். கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு பெரும்பாலும் நீண்ட அலை, அது போதாது. கிராஃபைட் எத்தனை ஆண்டு மழையில் நனைந்தாலும் மஞ்சள் பொடியைத் தராது.

மல்டிமீட்டர் வைத்திருந்தால் இதழின் இரு முனைகளில் வைத்துப் பாருங்கள். கிராஃபைட் கம்பி போல மின்சாரத்தை விடும், சில ஓம்தான் காட்டும். மாலிப்டினைட் குறைகடத்தி, மின்தடை பல மடங்கு கூடுதல். துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆய்வகம் வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பொருத்திய எக்ஸ்-கதிர்க் கருவியில் கல்லை வைத்தால் தனிமங்களைப் பட்டியலிட்டுவிடும் என்று நம்பிப் போவார்கள். ஒவ்வொரு தனிமமும் வெளிவிடும் எக்ஸ்-கதிரின் ஆற்றலை ஒரு கோடாகக் காட்டித்தான் அந்தக் கருவி அடையாளம் காண்கிறது. கந்தகத்தின் முக்கியக் கோடு 2.31 கிலோ எலக்ட்ரான் வோல்ட், மாலிப்டினத்தின் ஒரு கோடு 2.29, ஈயத்தின் ஒரு கோடு 2.35. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கருவியைக் கவனமில்லாமல் இயக்குபவருக்கு மாலிப்டினைட் வெறும் கந்தகமாகத் தெரியலாம், ஈயமாகவும் தெரியலாம். கிரேக்கர்கள் போட்ட அதே முடிச்சு. இன்னும் உயர் ஆற்றலில், 17.5 அருகில் மாலிப்டினத்துக்குத் தனிக்கோடு இருக்கிறது. அதைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவிகள் அந்தக் கோட்டைத்தான் பார்க்கும் என்பதால் அவற்றில் இந்தச் சிக்கல் பெரிதாக வராது. அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தையே காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் சோதனை செய்தால் கேள்விக்கே இடமில்லை.

விலை என்ன பெறும் என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். ஒரு கூடைக் கல்லுக்கு விலையெல்லாம் இல்லை. கனிமம் பார்த்துச் சேர்ப்பவர்கள் நல்ல அறுகோணப் படிகத்துக்கு ஆசைப்படுவார்கள், அவ்வளவுதான். 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் மாலிப்டினமும் இருக்கிறது, கிராஃபைட்டும் இருக்கிறது. அதனால் எதுவாக இருந்தாலும் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் சொல்வதில் தவறில்லை. தோண்டி எடுத்து விற்கும் உரிமை வேறு விஷயம், தோட்டம் சொந்தம் என்பதால் அது தானாக வந்துவிடாது.

படம் அனுப்புவதற்காகக் கல்லைத் தேய்த்துக் கழுவியதாக எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் பொடி ஏதாவது இருந்திருந்தால் அதிலேயே போயிருக்கும். குவியலில் கழுவாத கற்கள் இன்னும் கிடக்கும். சுத்தியலால் வெடிப்போரமாகத் தட்டிப் பிளந்து, உள்பக்கத்தைப் பாருங்கள். கிணற்றில் எத்தனை அடி ஆழத்தில் அந்தக் கல் வந்தது என்று வெட்டியவர்களுக்கு இப்போது ஞாபகம் இருக்கும், அதையும் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். பென்சிலால் எழுதினால் பக்கத்திலேயே ஒரு தீற்றல் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.